வளரும் மூளைக்கு வைக்கும் தீ!

"ஏன்?" என்று கேட்கக் கற்ற இளைஞர் கூட்டம் ஒன்று இந்த நாட்டிலே உண்டு. சாமியார் நீட்டும் திருநீற்றைக் கண்டால், "இதனால் நோய் தீரும் என்பதற்குச் சான்று என்ன?" என்று கேட்கும். சோதிடன் விரிக்கும் கட்டத்தைக் கண்டால், "வானத்துக் கோளுக்கும் என் வயிற்றுப் பிழைப்புக்கும் என்னய்யா தொடர்பு?" என்று நகைக்கும். சாதியின் பெயரால் குனியச் சொன்னால், நிமிரும். இந்தக் கூட்டத்தைக் கண்டு நாம் பூரிக்கிறோம். நாளைய தமிழகத்திற்குக் கட்டியம் கூறுவோர் இவர்களே என்று களிக்கிறோம்.

ஆனால், தோழர்களே! கடவுளைக் கேள்வி கேட்ட வாய், கண்ணாடிக் குப்பியைக் கண்டதும் ஊமையாகிவிடுகிறதே, அது ஏன்? தெருக்கோடியில் நண்பர் நால்வர் நிற்கின்றனர். ஒருவன் குப்பியை நீட்டுகிறான். "ஒரு வாய்தானே! நீ ஆம்பிளைதானே?" என்கிறான். பதினாறு வயதுப் பிள்ளை சான்று கேட்கவில்லை, காரணம் கேட்கவில்லை, கை நீட்டி வாங்குகிறான். பூசாரி தந்த தீர்த்தத்தை வேண்டாமென்று தள்ளியவன், போதை வணிகன் தந்த தீர்த்தத்தைத் தலைதாழ்த்திப் பெற்றுக்கொள்கிறான்! முன்னதை மூடநம்பிக்கை என்றோம். பின்னதற்கு வேறென்ன பெயர்?

இதனைப் 'பாவம்' என்று நாம் சொல்லப்போவதில்லை. பாவ புண்ணியப் பேரேடு எழுதுவது நம் தொழில் அன்று. நரகத்திலே எண்ணெய்க் கொப்பரை கொதிக்கிறது என்று மிரட்டவும் மாட்டோம். மிரட்டலுக்கு அடங்குபவன் நாளை வேறொரு மிரட்டலுக்கும் அடங்குவான். நாம் சொல்வது ஒன்றே. போதை, பதின்பருவத்துப் பிள்ளையிடமிருந்து முதலிலே பறிப்பது சிந்திக்கும் கருவியை! பகுத்தறிவு, பகுத்தறிவு என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அந்தப் பகுத்தறிவு குடியிருக்கும் கூட்டிலேயே அது தீ வைக்கிறது. பணம் போனால் சம்பாதிக்கலாம். வளரும் பருவத்தில் கருகிய மூளையை எந்தச் சந்தையில் வாங்குவது?

மிகைபடக் கூறுகிறோமா? உடலியல் அறிஞர் கூறுவதைக் கேளுங்கள். மனித மூளை ஒரே நாளில் முற்றிவிடுவதில்லை. பின்புறத்திலிருந்து முன்புறம் நோக்கி அது பக்குவம் அடைகிறது. நெற்றிக்குப் பின்னே இருக்கும் முன்மூளைப் பகுதியே கடைசியில் முதிர்கிறது. "இதைச் செய்தால் நாளை என்னாகும்?" என்று எண்ணிப் பார்ப்பது, ஆசைக்குக் கடிவாளமிடுவது, இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்வது ஆகிய அனைத்தும் அந்தப் பகுதியின் பணிகள். அது முழுமை பெற ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகிறது. இன்பத்தைத் தேடி ஓடும் பகுதியோ பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே விழித்துக்கொள்கிறது. பாய்ச்சல் மிக்க காளை பூட்டப்பட்டுவிட்டது. வண்டியோட்டி இன்னும் பழகிக்கொண்டிருக்கிறான்! பதின்பருவத்தின் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். அந்த நேரம் பார்த்துக் காளைக்கு வெறியூட்டி, வண்டியோட்டிக்கு மயக்கமும் ஊட்டினால் வண்டி எங்கே போய் நிற்கும்?

மது, நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியையும் தாக்குகிறது. அளவு மீறிக் குடித்தவன், முன்னிரவில் பேசியதும் செய்ததும் மறுநாள் காலையில் நினைவில் இல்லாமல் விழிப்பது இதனால்தான். அந்த நேரத்தில் மூளை எதையும் எழுதவே இல்லை. ஏடு வெறுமையாகவே இருந்தது. படிக்கும் வயதிலே, பதிய வேண்டிய பருவத்திலே, பதியும் இடத்தையே மழுங்கடித்துவிட்டு, "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, தலையெழுத்து!" என்று பெற்றோர் புலம்புகின்றனர். பிரமன் எழுதிய எழுத்தா அது? பிராந்தி அழித்த எழுத்து!

இன்னொன்றும் கேளுங்கள். அமெரிக்க நாட்டில் பல்லாயிரவரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1997இல் வெளியாயிற்று. பதினைந்து வயதுக்கு முன்னரே குடிக்கத் தொடங்கியோரில் நூற்றுக்கு நாற்பது பேர் வாழ்நாளில் குடிக்கு அடிமையாயினர். இருபது வயதுக்குப் பின் தொடங்கியோரில் அவ்வாறு ஆனவர் ஏறத்தாழ பத்துப் பேர். நாற்பது எங்கே, பத்து எங்கே! வறுமையும் வீட்டுச் சூழலும் இந்த வேறுபாட்டில் பங்கு கொண்டிருக்கலாம், அதனை மறுப்பதற்கில்லை. எனினும் இளமையில் தொடங்குவது அடிமைத்தனத்தின் வாயிலருகே போய் நிற்பதாகும் என்பதை அந்தக் கணக்கு உரக்கச் சொல்கிறது. முதல் மிடற்றை ஐந்தாண்டு தள்ளிப்போடச் செய்தாலே ஓர் உயிரை மீட்க வழியுண்டு.

இனி, குப்பியைச் சுற்றி வளர்ந்திருக்கும் புராணங்களைப் பார்ப்போம்.

முதற் புராணம்: "பீர் மதுவே அன்று, வெறும் பார்லித் தண்ணீர்!" கணக்குப் போடுவோமே! பீர்க் குப்பி ஒன்று 650 மில்லி லிட்டர். நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம் என்று கொண்டால், உள்ளே இருப்பது 32.5 மில்லி லிட்டர் தூய சாராயம். பிராந்தியில் 42.8 பங்கு; அறுபது மில்லி லிட்டர் பிராந்தியில் இருப்பது ஏறத்தாழ 25.7 மில்லி லிட்டர். எது மிகுதி? 'தண்ணீர்' என்று சொல்லிக் கொடுத்தானே, அந்தக் குப்பியில்தான் மிகுதி! 'ஸ்ட்ராங்' என்று பெயரிட்டு விற்பதிலோ எட்டுப் பங்குவரை ஏறுகிறது. எட்டாம் வகுப்பு விழுக்காட்டுக் கணக்குத் தெரிந்த பிள்ளை, இந்தக் கணக்கை ஏன் போட்டுப் பார்க்கவில்லை?

இரண்டாம் புராணம்: "குளிருக்கு இதம், சளிக்கு மருந்து!" மது உள்ளே சென்றதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளிருக்கும் சூடு வெளியே வருகிறது. தோல் சூடாவதால் இதமாகத் தோன்றுகிறது. உண்மையில் உடல் தன் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. வீட்டுக் கதவைத் திறந்து அடுப்புச் சூட்டைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, "தெரு இதமாக இருக்கிறது" என்று மகிழ்வது போன்ற மடமை இது! சளி பிடித்த குழந்தையின் வாயில் ஒரு கரண்டி பிராந்தி ஊற்றும் வீடுகள் இன்றும் உண்டு. குழந்தையின் உடலில் சர்க்கரை அளவைக் கீழே இறக்கி வலிப்பு வரவழைக்கும் ஆற்றல் அந்தக் கரண்டிக்கு உண்டு என்பதை அந்தத் தாய்க்கு யார் சொன்னார்கள்?

மூன்றாம் புராணம்: "மோர் கொடு, எலுமிச்சம்பழம் பிழி, தலையில் தண்ணீர் ஊற்று, தெளிந்துவிடும்!" தெளியாது. இரத்தத்தில் கலந்த சாராயத்தைச் சிதைப்பது ஈரல். அது தனக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டே தீரும். ஒரு பீர்க் குப்பியை முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த மோராலும் முடியாது, காப்பியாலும் முடியாது. அளவு மீறிக் குடித்துச் சாய்ந்தவனை மல்லாக்கக் கிடத்தி, "தூங்கட்டும்" என்று விட்டுவிட்டு வருவதுதான் கொடுமையிலும் கொடுமை. மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையே மது மயக்கிவிடும். வாந்தி மூச்சுக் குழாயில் அடைத்துக்கொள்ளும். எழுப்பினால் எழாதவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108க்கு அழைத்து, வண்டி வரும்வரை அருகிலேயே இருப்பவன்தான் நண்பன். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று விட்டு ஓடுபவன் நண்பன் அல்லன்.

நான்காம் புராணம்: "கஞ்சா மூலிகைதானே! சிவனே உட்கொண்டதாயிற்றே!" எட்டிக்காயும் செடியில்தான் விளைகிறது, அரளி விதையும் மூலிகைதான்! சுவீடன் நாட்டில் படைப்பணிக்கு அழைக்கப்பட்ட நாற்பத்தைந்தாயிரம் இளைஞரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்குமேல் கஞ்சா புகைத்தவர்களிடம் மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. புகைத்தவர் அனைவரும் மனம் சிதைந்தனர் என்று நாம் புளுகவில்லை, பெரும்பாலோர் தப்பினர். அறிவுத்திறன் எவ்வளவு குறைகிறது என்பதிலே ஆய்வாளர்க்குள் இன்னமும் வழக்கு உண்டு. ஆனால் இல்லாத குரலைக் கேட்டு, இல்லாத பகையைக் கண்டு நடுங்கும் நோய்க்கு எந்தப் பிள்ளை இரையாவான் என்று முன்கூட்டிச் சொல்ல வல்லார் எவருமிலர். அந்தச் சூதாட்டத்தில் பணயம் வைப்பது காசையா? சொந்த மனத்தையன்றோ!

ஐந்தாம் புராணம்: "மருந்துக் கடையில் விற்பதுதானே!" கடும் வலிக்கென மருத்துவர் எழுதித் தரும் டேபெண்டடால் போன்ற மாத்திரைகளைச் சீட்டின்றி வாங்கிப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியேற்றிக்கொள்கின்றனர் சில இளைஞர். ஓபியம் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் இவை. அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுபோகும். மாத்திரையில் கலந்துள்ள மாவுப்பொருள் இரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஒரே ஊசி கைமாறினால் எச்.ஐ.வி.யும் ஈரலை அரிக்கும் மஞ்சட்காமாலைக் கிருமியும் கூடவே கைமாறும். உதட்டினுள் ஒளித்து வைக்கும் 'கூல் லிப்' என்னும் பொட்டலமோ, புகையில்லாப் புகையிலை. வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்தும்போதே நிக்கோடின் ஈறு வழியே இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. குட்காவும் பான் மசாலாவும் இங்கே 2013இல் தடை செய்யப்பட்டன. தடையின் பின்வாசல் வழியே புதுப் பெயரில் பொட்டலங்கள் நுழைந்தன.

மிகச் சிறிய பிள்ளைகளைத் தேடி வரும் நஞ்சு ஒன்றும் உண்டு. பஞ்சர் ஒட்டும் பசை, எழுத்தை அழிக்கும் வெள்ளை மை, பெயிண்டைக் கரைக்கும் தின்னர்! நடுவண் அரசுக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பில், பெரியவரைவிடச் சிறுவரிடம் மிகுதியாகக் காணப்பட்ட மோப்பப் போதை இது ஒன்றே. பெரியவரில் நூற்றுக்கு 0.58, பத்து முதல் பதினேழு வயதுக்குள் 1.17. இரு மடங்கு! ஏன்? சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது, எவரும் ஐயுறுவதில்லை, பசியையும் மறக்கச் செய்கிறது. முதல் முறை மோந்தவனுக்கே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் பிரிவதுண்டு. குப்பை பொறுக்கும் பிள்ளையின் கையிலிருக்கும் அந்தத் துணிச்சுருளைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகும் கனவான்களே! அவன் மோந்துகொண்டிருப்பது பசியை மறைக்கும் திரையை. அந்தத் திரையை நெய்து கொடுத்தது இந்தச் சமுதாயம்!

இவ்வளவு புராணங்களையும் கட்டிக் காப்பவர் யார்? 'ஆண்மை' என்னும் பொய்யை ஏவிவிட்டவர் யார்? திரையிலே கதைநாயகன் காதலில் தோற்றால் குடிக்கிறான், வென்றாலும் குடிக்கிறான். மூலையில் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று எறும்பளவு எழுத்து. திரை நிறைய ஆட்டம், பாட்டம், கொண்டாட்டம்! மது விளம்பரம் கூடாது என்று சட்டம் சொன்னால், அதே பெயரைச் சோடாவுக்குச் சூட்டி விளம்பரம் செய்கிறது முதலாளிக் கூட்டம். கருப்பசாமிக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துப் பிள்ளைகளின் கண்முன்னே பங்கு போடுகிறது பக்திக் கூட்டம். இவர்களையெல்லாம் சாடுவது எளிது, கைத்தட்டலும் கிடைக்கும்.

கைத்தட்டல் கிடைக்காத இடத்துக்கும் வருவோம். கட்சி மாநாட்டிற்குப் போகும் வண்டியில் பிரியாணிப் பொட்டலத்தோடு குவார்ட்டர் குப்பியும் ஏறுகிறதே, அது எந்தக் கொள்கையின் சின்னம்? கொடி கட்டவும் சுவரொட்டி ஒட்டவும் ஓடி வரும் பதினைந்து வயதுச் சிறுவனுக்குக் கூலியாக என்ன நீட்டப்படுகிறது? தலைவன் படம் பொறித்த சட்டையணிந்து தள்ளாடி வருபவன், ஊராரிடம் எந்தப் புரட்சியைப் பரப்புவான்? வெண்கொடியாயினும் செங்கொடியாயினும் இருவண்ணக் கொடியாயினும், சிறுவனுக்குக் குப்பி நீட்டும் கையைப் பற்றித் தடுக்காத தொண்டன், தொண்டன் என்ற பெயருக்கே உரியவன் அல்லன்.

அது வெறும் ஒழுக்கக் கேடு அன்று, குற்றம்! 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மருத்துவர் சொல்லாமல் பதினெட்டு வயது நிரம்பாதவனுக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவனுக்கு ஏழு ஆண்டுவரை கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய்வரை தண்டம். அண்ணன், மாமன், தோழன் என்ற உறவுப் பெயர் எதுவும் அந்தப் பிரிவிலிருந்து விலக்குத் தருவதில்லை.

அடுத்து, கடை! 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் கடை திறந்தது, பின்னர் மூடியது, 1981இல் மீண்டும் திறந்தது. 2003இல் சில்லறை விற்பனை முழுவதையும் அரசின் வாணிபக் கழகமே ஏற்றுக்கொண்டது. 2024-25ஆம் நிதியாண்டில் அதன் வழியே கருவூலம் கண்ட வருவாய் 48,344 கோடி ரூபாய். ஆட்சிகள் மாறின, கல்லாப்பெட்டி மாறவில்லை. திறந்தால் குடி பெருகும் என்று ஒரு சாரார். மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று மறுசாரார். 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்று போட்டதை எவரும் மறக்கவில்லை. ஆகவே மறுசாராரின் வாதத்தையும் நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆனால் இந்த இரு சாராரின் வழக்குக்கு நடுவே ஒரு சிறுவன் நிற்கிறானே, அவனைப் பார்த்தவர் யார்? இருபத்தொரு வயது நிரம்பாதவனுக்கு விற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. விதி பலகையில் தொங்குகிறது; குப்பி கையில் தொங்குகிறது! மீசை அரும்பாத முகத்தைக் கண்டும் வயதுச் சான்று கேட்காத கடையில், அந்த விதி எழுதப்பட்ட பலகை எதற்கு? விறகுக்காவது ஆகும்!

"குடிப்பது தனிமனித உரிமை, அதில் தலையிட நீங்கள் யார்?" என்று கேட்கும் அறிவாளிகள் சிலர் உண்டு. உரிமை என்பது தேர்ந்தெடுக்கும் ஆற்றல். ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் உறுப்பு முதிர்வதற்கு முன்னரே அதனை மழுங்கடிக்கும் பொருளை நீட்டிவிட்டு, "உன் உரிமை!" என்பது, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டு, "விரும்பிய வழியில் போ!" என்பதற்கு ஒப்பாகும். முதிர்ந்தவன் செய்தியை அறிந்து முடிவு செய்யட்டும். அவனுக்குங்கூடச் சொல்லப்பட வேண்டிய செய்தி இது: மது மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே அறிவித்துவிட்டது, பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று அந்நிறுவனம் 2023இல் தெளிவாக உரைத்தது.

இறுதியாக, நாம் உழைக்கும் இடத்துக்கே வருகிறோம். நாம் ஆசிரியத் தொழிலில் இருப்போர். பையில் பொட்டலத்தோடு பிடிபட்ட மாணவனுக்குப் பள்ளிகள் பல தரும் மருந்து என்ன? காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்தி நாணச் செய்வது, பிரம்பெடுப்பது, பெற்றோரை அழைத்துத் திட்டுவது, கடைசியில் டி.சி.யைக் கையில் திணித்து வாயிலைக் காட்டுவது! பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறையக்கூடாது. பள்ளியின் பெயர் கெடக்கூடாது. பள்ளியின் பெயர் காக்கப்பட்டது. பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் காவல் நிற்கிறது. போதை வலை வீசப்படும் பதினான்கு, பதினைந்து வயதிலோ, அந்தக் காவல் முடிந்துவிடுகிறது! ஒன்பதாம் வகுப்பில் வெளியே தள்ளப்பட்டவன் எங்கே போவான்? பகலெல்லாம் தெரு, தெருவெல்லாம் கடை. போதை விற்பவனுக்குப் புதிய வாடிக்கையாளனையும், சில நேரம் புதிய கையாளையும் முத்திரையிட்டு அனுப்பி வைக்கிறோம். டி.சி. என்பது மாற்றுச் சான்றிதழா, அல்லது அவனைக் கைகழுவியதற்கான பற்றுச்சீட்டா?

அடிமையாவது நோய் என்று மருத்துவம் சொல்கிறது. தாமாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவைப் போதைப் பொருள் தடுப்புச் சட்டமே வைத்திருக்கிறது. தண்டிக்க வந்த சட்டத்துக்கே இருக்கும் அந்தக் கருணை, கற்பிக்க வந்த பள்ளிக்கு இல்லையா? காய்ச்சல் கண்ட மாணவனுக்கு டி.சி. கொடுப்போமா?

பெண் பிள்ளையின் நிலை இன்னும் கொடிது. அவள் உடலில் நீரின் பங்கு குறைவு. அதே அளவு மது அவள் இரத்தத்தில் அதிகம் செறிந்து, விரைவில் ஈரலைத் தாக்குகிறது. ஆனால் அவள் பிடிபட்டாலோ மருத்துவர் நினைவுக்கு வருவதில்லை. 'மானம்' நினைவுக்கு வருகிறது! படிப்பை நிறுத்தி மணமுடித்துத் தள்ளிவிடுகின்றனர். நோயை மறைக்க ஒரு திருமணம்; இது எந்த ஊர் வைத்தியம்?

வீட்டாரோ கோயிலுக்கு ஓடுகின்றனர். கயிறு கட்டினால் குடி நிற்குமாம். மாலை போட்டால் மறந்துவிடுமாம்! மண்டலம் முடிந்து மாலை கழன்ற மாலையிலேயே குப்பி திறக்கப்படுவதை ஊரார் பார்த்துச் சிரிக்கவில்லையா? ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வந்து உயிருக்கே கேடாகலாம். மருத்துவமனையில் மருந்தோடு நிறுத்த வேண்டிய நோயாளியைக் கயிற்றோடு நிறுத்துவது பக்தியா, கொலையா?

நம் பள்ளிகளோ ஜூன் 26 வந்தால் கைகளை நீட்டி உறுதிமொழி எடுக்கச் செய்கின்றன; பேரணி நடத்துகின்றன; படம் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் 1983இல் தொடங்கிக் காவலரை வகுப்பறைக்கு அனுப்பி உபதேசம் செய்வித்தனர். ஆய்வாளர் பின்னர் அளந்து பார்த்தபோது, உபதேசம் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வெறும் உறுதிமொழி, நாத்திகர் ஓதும் மந்திரமாகிவிடக்கூடாது!

பின் எதனால் முடியும்? முடித்துக் காட்டிய நாடு ஒன்று உண்டு. ஐஸ்லாந்து! மக்கள்தொகை நான்கு லட்சத்தையும் எட்டாத சிறு தீவு. அங்கே 1998இல், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்தைய ஒரு திங்களில் போதை ஏறக் குடித்திருந்தனர். 2016இல் அது ஐந்தாகக் குறைந்தது. நாள்தோறும் புகைப்போர் 23லிருந்து மூன்றாகினர். எந்தத் தெய்வம் அருளிற்று? ஆண்டுதோறும் பிள்ளைகளிடமே பெயரின்றிக் கேட்டுக் கணக்கெடுத்தனர். முடிவை ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் முன்னும் வைத்தனர். மாலை நேரத்தை வெறுமையாக விடாமல் விளையாட்டு, இசை, கலைப் பயிற்சிக்கு அரசே பணம் தந்தது. இரவில் சிறுவர் தெருவில் திரியும் நேரத்திற்கு வரம்பு கட்டினர். பெற்றோர் ஒருவர்க்கொருவர் வாக்குறுதி செய்துகொண்டனர். பிள்ளையை மட்டும் திருத்தப் புறப்படவில்லை. பிள்ளை வாழும் ஊரைத் திருத்தினர்!

அவர்கள் செல்வர், நாம் வறியர் என்று சாக்குச் சொல்வோர் உண்டு. கணக்கெடுக்கத் தேவை தாளும் நேர்மையும். மாலையில் பள்ளித் திடலின் பூட்டைத் திறக்கத் தேவை ஒரு சாவி. நாற்பத்தெட்டாயிரம் கோடியை எண்ணிய கைகளுக்கு, ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு மனநல ஆலோசகரை அமர்த்தும் செலவு பெரிதா?

தோழர்களே! படிப்பகங்களால் வளர்ந்த நாடு இது. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்து உலகை அறிந்த தலைமுறை, நம் பாட்டன் தலைமுறை. அந்தப் படிப்பகங்களில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அதே தெருவில் மதுக்கடை நண்பகல் பன்னிரண்டுக்குத் தவறாமல் திறக்கிறது. உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் துருப்பிடித்த பூட்டை இந்த வாரமே உடையுங்கள். மாலை ஐந்து மணிக்கு விளக்கேற்றுங்கள். சதுரங்கப் பலகை வையுங்கள். பந்து ஒன்று வாங்கிப் போடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோனவன் பெயரைக் கேட்டறிந்து, அவன் வீட்டு வாயிலுக்குப் போய் அழைத்து வாருங்கள். வயதுச் சான்று கேட்காத கடைமுன் நின்று விதியைக் கேளுங்கள், மனுக் கொடுங்கள். சிகிச்சைக்கு முன் டி.சி. கூடாது என்று உங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முழங்குங்கள். நாங்களும் உள்ளிருந்து முழங்குவோம். சிக்கிக்கொண்ட தோழனை ஏசாதீர்கள். போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416, சிறுவர்க்கு 1098. இந்த எண்களைச் சுவரில் எழுதுங்கள். தலைவர்களின் பிறந்தநாளை எழுதும் சுவரில் இதற்கும் இடமுண்டு!

அடிமையாக இருப்பதில் இழிவு கண்ட இயக்கங்கள் இந்த மண்ணில் எழுந்தன. கடவுளுக்கு அடிமை இல்லை, சாதிக்கு அடிமை இல்லை என்று நிமிர்ந்த தலை, குப்பிக்கு முன் கவிழலாமா? அடுத்த முறை ஒருவன் உன்முன் குப்பியை நீட்டி, "ஒரு வாய்தானே!" என்றால், தம்பி, நீ கோயில் வாயிலில் நின்று கேட்ட அதே கேள்வியை அவனிடமும் கேள்.

"ஏன்?"

அவனிடம் விடை இராது.